கேப்டன் ஆர்லோவின் மூன்று ஃபேஸ் மோட்டார்

ஏப்ரல் 20, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சரித்திரத்தில் பெரிய காரியம் செய்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தாராபுரத்தில் இதுவரை ஒருவரும் எழுதாததற்குக் காரணம், எழுதும்படி ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நடக்கப் போகிறது. மே மாதம் முதல் தேதி ‘காணாமல் போன கடல்’ படத்தின் இரண்டாம் பாகம் நம் கொங்குராணி தியேட்டரில் வெளியாகிறது. அதுவும் முப்பரிமாணத்தில்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் சென்னியப்பன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தாலுகாவில் கிணற்றில் ஓடுகிற மோட்டார்களில் பாதி என் கை பட்டவை. மீதிப் பாதி ஓடுவதே இல்லை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. விஞ்ஞானம் முழுவதும் சொந்த முயற்சி. ‘கேப்டன் ஆர்லோ தலைமை ரசிகர் மன்ற’த்தின் நிறுவனரும் நிரந்தரத் தலைவரும் நானே. இங்கிலீஷ் படத்து ஹீரோவுக்கு மன்றம் வைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாரிடம் விசாரித்தேன் என்பது இங்கே தேவையில்லை.

முதல் பாகம் பார்க்காத பாவிகளுக்காகக் கதைச் சுருக்கம். வேறு கிரகத்திலிருந்து தண்ணீர்த் திருடர்கள் வருகிறார்கள். ஒரு பெரிய கப்பலை வானத்தில் நிறுத்தி, குழாயை இறக்கி, நம் கடல் முழுவதையும் உறிஞ்சிவிடுகிறார்கள். கேப்டன் ஆர்லோ வறண்ட கடலின் அடியில், மீன் எலும்புகளுக்கு நடுவில், தன்னந்தனியாக அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். மூன்று வருடமாக அந்த மனிதர் அப்படியே நிற்கிறார். எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

இந்த டைரியில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிதான் பிடிக்கிறது. தங்கச்சி மகள் தாரணி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, செவுத்துல போஸ்டர் எழுதற மாதிரி எழுதறீங்க” என்றாள். பெரிய மனிதன் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் தெய்வானை மறுபடியும் கண் விஷயத்தைத் தொடங்கினாள். தெய்வானை என் சம்சாரம். போன மாதம் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. அவளுக்குத் துணையாக நான் போனேன். அங்கே அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்து விளக்கடித்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரையாம். இடது கண்ணில் நன்றாக முற்றிவிட்டதாம். உடனே ஆபரேஷனுக்கு வரச் சொல்லி அந்த டாக்டரம்மா சீட்டுக் கொடுத்தார்.

புரை என்பது வயதானவர்களுக்கு வருவது. எனக்கு ஐம்பத்தெட்டுதான். ஆனாலும் நான் விஞ்ஞானத்தை மறுப்பவன் அல்ல. படம் வந்து போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் செய்தால் தூசி ஆகாது, கூட்டம் ஆகாது, சினிமா ஆகாது என்பார்கள். மன்றத் தலைவனே முதல் காட்சிக்குப் போகாவிட்டால் மன்றம் எதற்கு?

“பயமா இருக்குதுன்னு சொல்லீட்டுப் போங்களேன்” என்றாள் தெய்வானை.

பயம் என்ற சொல்லையே நான் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சீட்டைப் பத்திரமாக எங்கேயோ வைத்திருக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு பத்திரம்.

ஏப்ரல் 24, வெள்ளி

வயர் கம்பெனிக்காரர்கள் வயரின் தடிமனைக் காட்டும் கேஜ் நம்பரை இப்போதெல்லாம் எறும்புகள் படிப்பதற்காக அச்சடிக்கிறார்கள்.

ஏப்ரல் 25, சனி

கொளுஞ்சிவாடியிலிருந்து ஒரு ஏழரை எச்.பி. மோட்டார் வந்தது. காயில் முழுவதும் கருகிவிட்டிருந்தது. நான் மேற்பார்வை பார்த்தேன். தெய்வானைக்கு வீட்டில் பொழுது போவதில்லை என்று கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறாள். பொழுதுபோக்காக அவளே கேஜ் பார்த்து, வயரைச் சுற்றி, ஸ்லாட்டுக்குள் இறக்கி, பேப்பர் வைத்து, நூல் கட்டி, கனெக்‌ஷனும் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விண்வெளியில் மூன்று ஃபேஸ் கரண்ட் ஏன் கிடைப்பதில்லை என்பதை வாடிக்கையாளருக்கு விளக்கினேன். அவர் மிகவும் திருப்தியாகப் போனார். “வேல சுத்தமா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் இப்படித்தான், என் கடை.

ஏப்ரல் 27, திங்கள்

சாயங்காலம் ஆறுச்சாமி பேக்கரியில் மன்றக் கூட்டம். கூட்டம் என்றால் டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். ஆறுச்சாமி மன்றத்தின் செயலாளர், பேக்கரியின் முதலாளி, படம் பார்த்துவிட்டுப் பஃப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிற ஆள்.

அவருக்கு ஒரே கவலை. “தலைவரே, கேப்டன் அந்தக் கடலை எப்படித் திருப்பிக் கொண்டாருவாருங்க?”

தெரியும், ஆனால் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். படக் கம்பெனிக்காரர்கள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றேன். கம்பெனிக்காரர்கள் என்று பன்மையில் சொன்னால் ஜனங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. முதல் காட்சி முடிந்ததும் அன்று சாயங்காலமே இங்கே உட்கார்ந்து முழுக் கதையையும் ஒரு காட்சி விடாமல் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். முதல் பாகத்துக்கும் நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் பாதி ஊர் படம் பார்க்கப் போனது. என் பெயர் நிற்பதே அதில்தான். மோட்டாரை யாரும் கட்டலாம்.

வீட்டுக்கு வரும்போது ஸ்பீடு பிரேக்கர் ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். பத்து வருடமாக அங்கேயே இருப்பதாகத் தாரணி சொல்கிறாள். அவள் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிற பெண், ரோட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஏப்ரல் 30, வியாழன்

தியேட்டர் வாசலில் பேனர் ஏறிவிட்டது. என் போட்டோ, கேப்டன் போட்டோவைவிட ஒரு சுற்றுப் பெரிது. அச்சகத்துக்காரரின் தவறு. நான் திருத்தச் சொல்லவில்லை.

தியேட்டர் மேனேஜர் குப்புராஜ் ஏணி போட்டுக் கொடுத்தார். மேளம் அடித்தார்கள். நான் ஏறி, சம்பங்கி மாலையை ஆளுயரத்துக்குப் பிரித்துக் கேப்டன் கழுத்தில் போட்டு, பாலாபிஷேகமும் செய்தேன். மேளம் சட்டென்று நின்றுவிட்டது.

பேனரில் கேப்டன் வலது பக்கமாம். இடது பக்கம் இருந்தது தண்ணீர்த் திருடர்களின் ராஜாவாம். அதாவது வில்லன். மூக்கே கிடையாது அவனுக்கு.

நான் ஒரு கணமும் தயங்கவில்லை. ஏணியில் நின்றபடியே, “எதிரிக்கும் முதல் மரியாதை செய்யறது நம்ம பண்பாடு” என்று அறிவித்தேன். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஆறுச்சாமி கண் கலங்கிவிட்டார். இறங்கும்போது தாரணி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, “இங்க மாமா, இன்னொண்ணு மாமா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவர்களிடம் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

மே 1, வெள்ளி

வரலாற்று நாள். விரிவாக எழுத வேண்டும்.

முதல் காட்சிக்குத் தாரணியோடு போனேன். அவளுக்கு இன்று விடுமுறை. குப்புராஜ் நடு வரிசையில் இடம் வைத்திருந்தார். முன் வரிசையில் மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். தலைவன் முன்னால் இருக்க வேண்டும். முப்பரிமாணத்துக்காகக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டேன்.

ஒளிப்பதிவு மிக உயர்ந்த தரம். முழுப் படத்தையும் புகைமூட்டத்திலேயே எடுத்திருக்கிறார்கள். ஆட்கள் எல்லோரும் பனிக்குள் நடப்பது போல் வருகிறார்கள், போகிறார்கள், விளக்குகள் பூப்பூவாக வெடிக்கின்றன. இப்படி எடுப்பது சாதாரண காரியமல்ல. சத்தம் பிரமாதம். கேப்டனுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் அதே பழைய ஆள்தான், அந்தக் கரகரப்பை ஆயிரம் பேருக்கு நடுவில் கண்டுபிடிப்பேன்.

இடைவேளையில் தாரணி, “கேப்டன் தாடி நல்லா இருக்குதுங்களா மாமா?” என்று கேட்டாள்.

அந்தத் தாடிக்காகவே படம் ஓடும் என்றேன்.

அவள் பாப்கார்னை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. வெறும் இசை, இடி, தண்ணீர்ச் சத்தம். யாராவது ஏதாவது பேசினால் அல்லவா என்ன நடக்கிறது என்று… பேச்சில்லாமல் கதை சொல்வது ஒரு கலை என்று எழுத வந்தேன். கடைசியில் தியேட்டரே விசில் அடித்தது. நானும் அடித்தேன். பின்னால் ஒருவர் மூக்குறிஞ்சினார். எதற்கு என்று தெரியாமல் நானும் கைக்குட்டையை எடுத்தேன்.

வெளியே வரும்போது தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அவளிடம், “முடிவு எப்புடி?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“நீங்களே சொல்லுங்க மாமா” என்றாள். அவள் குரல் சரியில்லை. சளி பிடித்திருக்கும்.

மே 1, இரவுச் சாப்பாட்டுக்கு முன்

பேக்கரியில் உட்கார இடமில்லை. ரோடு வரைக்கும் நின்றார்கள். என் வாக்கு தவறியதில்லை. சொன்னேன்.

கேப்டன் ஆர்லோ வறண்ட கடலில் நடக்கிறார். நாக்கு வறள்கிறது. ஒரு பாழும் கிணற்றைப் பார்க்கிறார். கடலுக்குள் கிணறா என்று ஒருவர் கேட்டார். கடலே வற்றிய பிறகு எல்லாம் கிணறுதான் என்றேன். கேப்டன் அந்தக் கிணற்றின் வழியாக இறங்கி, திருடர்களின் குழாயைப் பிடித்து, கப்பலுக்குள் ஏறிவிடுகிறார். உள்ளே பார்த்தால் மோட்டார். சாதாரண மோட்டாரா? நம் அமராவதி அணை உயரத்துக்கு ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார். அதுதான் இத்தனை கடலையும் உறிஞ்சியது. காவலுக்கு ஆயிரம் பேர். கேப்டன் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

அந்த இடத்தில் நிறுத்தி, டீ குடித்தேன்.

பிறகு சொன்னேன். கேப்டன் சண்டையே போடவில்லை. நேராக ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போனார். மூன்று வயரில் இரண்டைக் கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி மாட்டினார். இரண்டு ஃபேஸை மாற்றினால் மோட்டார் எந்தப் பக்கம் ஓடும்?

“திருப்பிக்கிட்டு ஓடும்ங்க” என்று அத்தனை பேரும் சொன்னார்கள். விவசாயிகள் ஊர் இது, சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடியது. உறிஞ்சின குழாயே துப்பியது. கடல் அப்படியே வானத்திலிருந்து தலைகீழாகக் கொட்டியது. திமிங்கலம் எல்லாம் மழை மாதிரி விழுந்தது.

ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அங்கேயே நாளைக்கு டிக்கெட் என்று கத்தினார்கள். தாரணி மட்டும் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அவள் சுடிதார் நிறத்தை வைத்துச் சொல்கிறேன்.

மே 2, சனி

எல்லாக் காட்சியும் நிறைந்துவிட்டதாகக் குப்புராஜ் போன் செய்து நன்றி சொன்னார். “எல்லாம் உங்க புண்ணியம்ங்ணா.” ஆமாம் என்றேன்.

மே 3, ஞாயிறு

இன்று கொஞ்சம் சத்தம்.

மதியக் காட்சி பார்த்தவர்கள் வெளியே வந்து தியேட்டர் வாசலை விட்டு நகரவில்லை. மோட்டார் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். படத்தில் மோட்டார் வரவே இல்லையாம். கிணறும் இல்லையாம். ஸ்க்ரூ டிரைவரும் இல்லையாம். முந்தைய காட்சி பார்த்தவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆறுச்சாமிதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது: படத்தை வெட்டிவிட்டார்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. கொங்குராணியில் ஒரு காலத்தில் கடைசி பஸ்ஸுக்கு ஆள் போக வேண்டும் என்று பாட்டையும் சண்டையையும் வெட்டித்தான் ஓட்டினார்கள். அந்தக் கோபம் ஊருக்குள் இன்னும் இருக்கிறது.

குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். இப்போதெல்லாம் படப்பெட்டியே வருவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் பூட்டித்தான் வருகிறது, வெட்ட நினைத்தாலும் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று சொல்லிப் பார்த்தாராம். யாரும் கேட்கவில்லை. “அப்பப் பாட்ட வெட்டுன, இப்ப மோட்டார வெட்டீட்டியா” என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டாராம்.

தலைவரே நேரில் பார்த்திருக்கிறார், அவர் பொய் சொல்வாரா என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டதாக ஆறுச்சாமி பெருமையாகச் சொன்னார்.

ராத்திரி சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெயில்.

மே 4, திங்கள்

குப்புராஜ் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். டிக்கெட் கிழிப்பவராக வந்து மேனேஜர் ஆனவர். சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை என்று தெய்வானை பிறகு சொன்னாள்.

தியேட்டர் முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். நீ படத்தில் கை வைத்தாயா என்று கேட்டாராம். சத்தம் நிற்காவிட்டால் புதன்கிழமையோடு படத்தைத் தூக்கிவிட்டு மேனேஜரையும் மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டாராம்.

“ஏங்ணா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்ங்ணா. நான் வெட்டுலீங்ணா. அந்த சீன் எப்புடி உங்களுக்கு மட்டும் வந்துச்சுன்னு எனக்கே புரியுலீங்ணா.”

படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

தெய்வானை காயில் கட்டிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. “மறுபடி பாத்தா மட்டும் தெரிஞ்சிருமாக்கு?” என்றாள்.

மே 5, செவ்வாய்

இன்று எழுத வேண்டுமா வேண்டாமா என்று வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறேன். எழுதுபவன் நான்தானே, நல்லபடியாகவே எழுதிக்கொள்ளலாம்.

சாயங்காலம் தியேட்டர் வாசலுக்குப் போனேன். தெய்வானையும் தாரணியும் கூட வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. நல்ல கூட்டம். குப்புராஜ் படிக்கட்டில் நின்றிருந்தார் என்று வேர்வை வாடையிலேயே தெரிந்தது. நான் வந்ததும் வழி விட்டார்கள்.

ஆறுச்சாமி எல்லோருக்கும் கேட்கும்படி, “தலைவரே, ஒரே வார்த்த. மோட்டார் சீன் இருந்துச்சா, இல்லீங்களா?” என்றார்.

இருந்தது என்று சொல்லியிருந்தால் ஊரே என் பக்கம். அந்த வார்த்தை நாக்கில்தான் இருந்தது. நான் கதையில் மாட்டிய மூன்று வயரும் சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளின. ஆனால் என் பக்கத்தில் குப்புராஜ் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓவர்லோடில் ஓடுகிற மோட்டார் கருகுவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் ஆயுசு முழுவதும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் சுவிட்சை நிறுத்தாமல் நிற்கிறவன் மோட்டார்க்காரன் இல்லை.

“அந்தப் பேனர்ல நான் யாருக்கு மால போட்டேன்?” என்று கேட்டேன்.

“வில்லனுக்குங்க. எதிரிக்கும் மரியாதைன்னு…”

“மரியாத இல்ல, ஒண்ணுமில்ல. எனக்கு எது யாரு மூஞ்சின்னே தெரியல ஆறுச்சாமி. ரெண்டு கண்ணுலயும் புரை. படம் பூரா வெள்ளப் பொகைதான். நான் பாக்கல, கேட்டேன். மீதிய நானே போட்டுக்கிட்டேன்.”

ரோட்டில் போன லாரிதான் கேட்டது.

“அப்ப அந்த மோட்டாரு?” என்றார் ஆறுச்சாமி, மெதுவாக.

“அது நம்ம கடை மோட்டாரு.”

“கெணறு?”

“அதுவும்தான்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். ஆறுச்சாமி சிரிக்கவில்லை. “அது நல்லா இருந்துச்சுங்களே தலைவரே” என்றார், ஏமாந்த குழந்தை மாதிரி.

உடனே நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டேன். இது சாதாரணப் புரை இல்லை, டாக்டரம்மாவே பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார், இப்படி ஒரு புரையை வைத்துக்கொண்டு ஏணி ஏறி மாலை போட்ட ஆள் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை என்பதை எடுத்துச் சொன்னேன். நம்பினார்களா தெரியவில்லை. ஆனால் குப்புராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முதலாளிக்கு அங்கேயே போன் போட்டு ஆறுச்சாமியைப் பேச வைத்தார்கள். படம் தப்பித்தது. அவரும் தப்பித்தார்.

திரும்பி நடக்கும்போது தெய்வானை, “சீட்டு எங்கிட்டத்தான் இருக்குது. நாளைக்கு வர்றோம்னு ஆஸ்பத்திரில சொல்லியாச்சு” என்றாள்.

நான் சரி என்றேன். மழை வரும்போல் இருந்ததால் வேறு பேச்சுப் பேச நேரமில்லை.

மே 6, புதன்

இதை எழுதுவது தாரணி. மாமா கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறார். இடது கண்ணுக்குக் கட்டு. சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம், ஒரு எழுத்து மாறக்கூடாதாம்.

ஆபரேஷன் அமோக வெற்றி. டாக்டரம்மா கை நடுங்கியது. நான்தான் தைரியம் சொன்னேன். (டாக்டரம்மா கை நடுங்கவில்லை. – தாரணி.) அந்தப் புரையை உடைக்கிற இயந்திரம் எத்தனை எச்.பி. என்று கேட்டேன். இதுவரை எந்த நோயாளியும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்று வியந்து போனார்கள். (தலையை ஆட்டாமல் படுங்கள் என்று சொன்னார்கள்.) வலி என்பது துளியும் இல்லை. இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். உள்ளே போகும் வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தேன்.

(உள்ளே போகும் வரைக்கும் மாமா அத்தை கையை விடவில்லை. நர்ஸ் வந்து விரல் விரலாகப் பிரித்தார்.)

என்ன எழுதுகிறாய், இவ்வளவு நேரமாக?

(ஒன்றும் இல்லை மாமா என்று சொன்னேன். அவருடைய எழுத்து அளவுக்கு நான் எழுதினால் டைரி இன்றைக்கே தீர்ந்துவிடும்.)

மே 8, வெள்ளி

நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். இன்று நானே எழுதுகிறேன். என் முந்தைய பக்கங்களைப் பார்த்தேன். இவ்வளவு பெரிதாகவா எழுதினேன்? காகிதத்தை வீணாக்கியிருக்கிறேன். தாரணி எழுதிய பக்கத்தையும் படித்தேன். அவளோடு பேச்சு வார்த்தை இல்லை, மதியம் வரைக்கும்.

வயர் கம்பெனிக்காரன் திருந்திவிட்டான், கேஜ் நம்பரை ஒழுங்காக அச்சடிக்கிறான்.

கடைக்குள் போகக்கூடாது, தூசி என்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலோடு நின்று பார்த்தேன். தெய்வானை கட்டி வைத்த மோட்டார் ஸ்டேட்டர் ஒன்று மேஜையில் இருந்தது. வயர் வயராக வரிசை தப்பாமல் இருந்தது. சீவி முடித்த ஜடை மாதிரி. நான் சொல்லிக்கொடுத்த வேலைதான். ஆனால் நான் இப்படிக் கட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. எப்போது என்று கேட்டேன். “நீங்க ராக்கெட் உட்டுக்கிட்டு இருந்தப்ப” என்றாள்.

மே 11, திங்கள்

சொட்டு மருந்து. சொட்டு மருந்து. தலையில் தண்ணீர் படக்கூடாது. குப்புராஜ் வந்து பார்த்துவிட்டுப் போனார். சட்டையில் பொத்தான் எல்லாம் இருந்தது. வியாழக்கிழமையோடு படம் கடைசி, வரவேண்டும் என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டோம். கண்ணைத் தேய்க்காமல், கூட்டத்தில் இடிபடாமல் போவதென்றால் போகலாம் என்றார். இவ்வளவு சுலபம் என்றால் முன்னாலேயே செய்திருப்பேன்.

மே 14, வியாழன்

கடைசி நாள், மாலைக் காட்சி. தாரணியோடு தெய்வானையும் வந்தாள். சினிமாவுக்கு என்னோடு அவள் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

படம் பார்த்தேன்.

புகையெல்லாம் இல்லை. கண்ணாடி மாதிரி எடுத்திருக்கிறார்கள். கேப்டனுக்குத் தாடி கிடையாது. தாரணி திரையைப் பார்ப்பதுபோல் நேராக உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவள் கன்னம் குழிந்திருந்தது. கேப்டனுக்கு வயதாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. கரகரப்புக் குரலை மட்டும் கேட்டு நான் அவரை வாலிபராகவே வைத்திருந்தேன். மூக்கில்லாத ராஜா அவ்வளவு கெட்டவன் இல்லை. அவன் கிரகத்தில் குழந்தைகள் ஈரத் துணியைச் சப்பிக்கொண்டு கிடக்கின்றன. அதைப் பார்த்ததும் கேப்டன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறார். பாதிக் கடல் உனக்கு, பாதி எங்களுக்கு என்று பேசி முடித்து, அந்தப் பெரிய கதவைத் திறக்க ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டும் என்று வரும்போது, இவரே இருந்துகொள்கிறார். ஒரு வசனம் இல்லை. கையை மட்டும் கதவின் மேல் வைக்கிறார். அந்தக் கையில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது எனக்கு. கடல் கொட்டுகிறது. எவ்வளவு நீலம். இந்த நீலத்தை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. அவர் அதோடு விழுந்து, காணாமல் போய்விடுகிறார்.

தெய்வானை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “செத்துப் போனாருங்களா?” என்று காதோடு கேட்டாள்.

மூச்சுப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறார், மூன்றாம் பாகத்தில் வருவார் என்றேன்.

“உங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா?”

அழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. தேய்க்கத்தான் கூடாது. எனவே தேய்க்காமல் இருந்தேன்.

படம் நல்ல படம். டைரக்டர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். மோட்டார் வேலை தெரியாத ஆள், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

பெயர்கள் ஓடி முடிந்தன. குப்புராஜ் விளக்கைப் போட்டார். எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆறுச்சாமி பின்னாலிருந்து, “தலைவரே, அவரு படம் முடிஞ்சுது. நம்ம படத்த ஓட்டுங்க” என்றார்.

அதெல்லாம் சும்மா சொன்னது, அன்றைக்கே சொல்லிவிட்டேனே என்றேன்.

“தெரியும்ங்க. சொல்லுங்க.”

எழுந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். குப்புராஜ் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் போய் நின்றேன். இத்தனை வருடம் பேக்கரியில் கதை சொல்லியிருக்கிறேன். கொஞ்ச காலமாக எனக்கு எதிரில் இருந்ததெல்லாம் சட்டை நிறங்களும் டீ வாசமும் சிரிப்புச் சத்தமும்தான். இன்று கடைசி வரிசை வரைக்கும் முகம் முகமாகத் தெரிந்தது. ஒருவர் வாயைத் திறந்தபடி இருந்தார். ஒருவர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை என்பது துளிகூட இல்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.

கேப்டன் வறண்ட கடலில் நடக்கிறார் என்று தொடங்கினேன். கிணறு வந்தது. குழாய் வந்தது. கப்பலுக்குள் ஏறினார். அப்போது கவனித்தேன், ஆறுச்சாமியின் உதடு எனக்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சட்டென்று நிறுத்தினேன். எல்லா உதடும் நின்றது.

“கப்பலுக்குள்ள மோட்டாருக்கு முன்னால,” என்றேன், “ஏற்கெனவே ஒரு பொம்பள உக்காந்து காயில் கட்டிக்கிட்டு இருந்தா.”

மூன்றாவது வரிசையில் தெய்வானை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்பது இங்கிருந்தே தெரிந்தது.